வீட்டுக்கு வர வேண்டிய தபால் வராமல் போனால்: டெல்டா ஊர்களுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடமுருட்டிக் கரையிலுள்ள என் மாமனார் ஊருக்கு நாங்கள் குடிவந்த முதல் ஆண்டில், வங்கியிலிருந்து வர வேண்டிய காசோலைப் புத்தகம் வரவில்லை. காப்பீட்டுத் தவணை நினைவூட்டல் வரவில்லை. மகளுக்குக் கல்லூரியிலிருந்து வந்த கடிதம் மூன்று வாரம் கழித்து, மழையில் ஊறி, திண்ணையில் கிடந்தது. கிராமத்துத் தபால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள், நகைக் கடன் ஏல அறிவிப்பு ஒன்று கடைத்தெரு டீக்கடையில் பழைய வாரப் பத்திரிகைகளோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருந்ததைக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். ஏலத் தேதிக்கு அப்போது நான்கு நாள் இருந்தது. வட்டியைக் கட்டி நகையை மீட்டுவிட்டோம். ஆனால் தபாலை ஒழுங்குக்குக் கொண்டுவர எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அந்த ஏழு மாதத்தில் பாதிக்கு மேல் வீணானதற்குக் காரணம், செய்ய வேண்டியவற்றை நான் தலைகீழாகச் செய்ததுதான். முதலில் தபால்காரரிடம் சத்தம் போட்டேன், அடுத்து மேலதிகாரிக்குப் புகார் எழுதினேன், கடைசியில்தான் என் முகவரியே பிழையாக இருந்தது தெரிந்தது. கீழே உள்ள வரிசை, நான் செய்திருக்க வேண்டிய வரிசை.

1. காணாமல் போனது எந்த வகைத் தபால் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

தபால்களை எண் உள்ளவை, எண் இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தால் போதும். 50 காசு அஞ்சலட்டை, 2.50 ரூபாய் உள்நாட்டுக் கடிதம், 20 கிராம் வரை 5 ரூபாய்க்குச் செல்லும் சாதாரண உறை ஆகியவை எண் இல்லாதவை. அவை எந்த ஊரில் எந்த நாளில் இருந்தன என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இருக்காது. அப்படிப்பட்ட ஒரே ஒரு கடிதம் வரவில்லை என்று புகார் கொடுத்தால், விசாரிக்க வருபவருக்கும் பிடிப்பதற்கு நூல் நுனி கிடையாது. நான் முதலில் கொடுத்த இரண்டு புகார்களும் இந்தக் காரணத்தாலேயே மூடப்பட்டன.

எண் உள்ளவை இப்போது பெரும்பாலும் ஸ்பீட் போஸ்ட்தான். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. முகவரியாளரிடமோ அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் சேர்க்க வேண்டும் என்றால், ஸ்பீட் போஸ்ட் கட்டணத்துக்கு மேல் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் செலுத்திப் பதிவு வசதியைக் கேட்டுப் பெற வேண்டும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. சொன்னால் மட்டுமே கொடுக்கும் வசதிக்கும் அதே 5 ரூபாயும் வரியும்தான். 2025 அக்டோபர் 1 முதல் உள்ள கட்டணப்படி, 50 கிராம் வரையிலான உறைக்கு உள்ளூரில் 19 ரூபாய், வெளியூருக்கு எவ்வளவு தூரமானாலும் 47 ரூபாய், வரி தனி. ஆக, வெளியூரிலிருந்து ஒரு முக்கியமான தாளைப் பதிவு வசதியோடு அனுப்ப ஏறத்தாழ 61 ரூபாய் ஆகும். இந்தத் தொகையை மிச்சம் பிடிக்கப்போய்ச் சாதாரண உறையில் அசல் சான்றிதழ் அனுப்பும் உறவினர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்பீட் போஸ்ட் எண் மொத்தம் 13 இடம் கொண்டது: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. இந்த எண் அனுப்பியவரின் ரசீதில்தான் இருக்கும். வங்கியோ அரசு அலுவலகமோ 'அனுப்பிவிட்டோம்' என்று சொன்னால், அனுப்பிய தேதியையும் இந்த எண்ணையும் கேட்டு வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.

2. முகவரியைச் சரிசெய்யுங்கள்

நான் கண்டவரை, தொலைந்ததாகச் சொல்லப்படும் தபால்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொலைகிறது. டெல்டா ஊர்களில் அது நடப்பதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு.

பின்கோட்டின் ஆறு இலக்கங்களில் முதல் மூன்று, தபால் எந்தப் பிரிப்புப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. கிராமத்தில் உள்ள கிளை அஞ்சலகத்துக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது. அது எந்தத் துணை அஞ்சலகத்தின் கீழ் வருகிறதோ அதன் எண்ணே இதற்கும். பக்கத்து டவுனின் எண்ணைப் போட்டால் போதும் என்று நினைத்து எங்கள் வீட்டில் பதினைந்து ஆண்டுகளாகப் பாபநாசத்தின் எண்ணையே எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தபால் பை வேறு ஒரு துணை அஞ்சலகம் வழியாக வருகிறது என்பது அங்கே கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கடிதமும் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. சில வரவே இல்லை.

இரண்டாவது சிக்கல், தபால் எல்லையும் வருவாய் எல்லையும் பொருந்தாதது. 612 என்று தொடங்குவதெல்லாம் கும்பகோணத்தைச் சேர்ந்தது, ஆகவே தஞ்சாவூர் மாவட்டம் என்று எண்ண வேண்டாம். குடவாசல் 612601, வலங்கைமான் 612804. இரண்டும் திருவாரூர் மாவட்டம். 614-ஐ எடுத்துக்கொண்டால் மன்னார்குடி 614001 திருவாரூர் மாவட்டத்திலும், பாபநாசம் 614205, பட்டுக்கோட்டை 614601 இரண்டும் தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டம் ஆன பின்னும் பல பதிவேடுகளில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கிறது. இணையப் படிவங்களில் பின்கோடு இட்டவுடன் மாவட்டம் தானாக விழும். அது தவறாக விழுந்தால் கையால் மாற்றுங்கள், மாற்ற முடியாவிட்டால் வட்டத்தின் பெயரை முகவரி வரியிலேயே சேர்த்து எழுதுங்கள். மாவட்டம் பிழையாக இருந்தும் பின்கோடு சரியாக இருந்தால் தபால் பெரும்பாலும் வந்துவிடும். பின்கோடு பிழை என்றால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். ஆங்கில எழுத்தில் திருவாரூரும் திருவள்ளூரும் அவசரக் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். முன்னதன் எண் 610-இலும் பின்னதன் எண் 602-இலும் தொடங்கும். பாபநாசம் திருநெல்வேலிப் பக்கமும் உண்டு, அதன் எண் 627-இல் தொடங்கும். மன்னார்குடிக்குப் போக வேண்டியது காட்டுமன்னார்கோயிலுக்குப் போய்த் திரும்பிய கதை எங்கள் தெருவிலேயே உண்டு. ஊருக்குள் வந்துவிட்டாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஊரிலும் கீழத்தெருவும் மேலத்தெருவும் சன்னதித் தெருவும் மடவிளாகமும் இருக்கின்றன. ஒரே கிளை அஞ்சலகத்தின் கீழ் மூன்று குக்கிராமங்கள் இருந்தால் மூன்று மேலத்தெரு இருக்கும்.

ஆகவே முகவரியை இந்த வரிசையில் ஒரு தாளில் எழுதி, எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் அதையே கொடுங்கள்: உங்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊரில் உங்களை யார் வீடு என்று சொல்வார்களோ அந்தப் பெயர் இருந்தால் மிக நல்லது, கதவிலக்கம், புதிய எண்ணும் பழைய எண்ணும் சேர்த்து, தெரு, குக்கிராமம், கிளை அஞ்சலகத்தின் பெயர், எந்தத் துணை அஞ்சலகம் வழி என்பது, வட்டம், மாவட்டம், பின்கோடு, கைபேசி எண். கைபேசி எண்ணை விடாதீர்கள். ஸ்பீட் போஸ்ட் பதிவாகும்போது அந்த எண் சேர்க்கப்பட்டால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வரும். வழி தெரியாத பதிலித் தபால்காரருக்கும் அதுதான் துணை.

பின்கோட்டை இந்தியா போஸ்ட் இணையதளத்தில் தேடலாம், ஆனாலும் உங்கள் துணை அஞ்சலகத்துக்கு ஒரு முறை நேரில் போய், 'எங்கள் ஊர்ப் பை எந்த அலுவலகம் வழியாக வருகிறது, எந்த எண் எழுத வேண்டும்' என்று கேட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. செலவு பேருந்துக் கட்டணம்.

பிறகு அந்த முகவரியை ஆதார், வங்கி, காப்பீடு, எரிவாயு, ஓட்டுநர் உரிமம் என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஆதாரை முதலில் மாற்றுங்கள், மற்ற இடங்களில் அதையே சான்றாகக் கேட்பார்கள். ஆதாரில் முகவரி மாற்றக் கட்டணம் 75 ரூபாய். வங்கியில் நிரந்தர முகவரி, தொடர்பு முகவரி என்று இரண்டு இருக்கும். தபால் வருவது தொடர்பு முகவரிக்கு. எனக்கு ஏல அறிவிப்புத் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்: நிரந்தர முகவரியை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

பழைய ஊரில் இருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய முகவரிக்கு வரும் தபாலைப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பக் கோரும் விண்ணப்பத்தைப் பழைய முகவரிக்குப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில் கொடுக்க வேண்டும். பலர் புதிய ஊரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். காலி செய்யும் வாரத்திலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

3. தபால் கொண்டுவருபவரைச் சந்தியுங்கள்

கிராமங்களில் தபால் கொண்டுவருபவர் பெரும்பாலும் கிராமிய டாக் சேவக். நாளுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரத்துக்கே அவருக்கு ஊதியம். அதற்குள் பை வாங்கி, பிரித்து, சைக்கிளிலோ வண்டியிலோ இரண்டு மூன்று குக்கிராமங்களைச் சுற்ற வேண்டும். கிளை அஞ்சலகம் என்பது பல ஊர்களில் கிளை அஞ்சல் அதிகாரியின் வீட்டு முன்னறைதான். டீக்கடையில் தபாலைக் கட்டாக வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இந்த நெருக்கடியில்தான் பிறக்கிறது. அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதைத் திட்டி நிறுத்த முடியாது என்பதை அனுபவத்தில் கண்டேன். நேரில் போய், வீட்டைக் காட்டி, பெயர்களைச் சொல்லி, 'எங்கள் வீட்டுத் தபாலைக் கடையில் வைக்க வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று சொன்னபோதுதான் நின்றது. எந்த நேரத்தில் பை வரும், எத்தனை மணிக்கு நம் தெருவுக்கு வருவார், அவர் விடுப்பில் போனால் யார் வருவார் என்ற மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களின் பெயர்கள், மணமான மகளின் பெயர், வீட்டு உரிமையாளரின் பெயர் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடமும் கிளை அஞ்சலகத்திலும் கொடுங்கள். புதிதாக வந்தவரின் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று பக்கத்து வீட்டுக்காரரே நல்லெண்ணத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

கூடவே ஒரு தபால் பெட்டி வாங்கிவிடுங்கள். தெருப்பக்கம் வாயில் சாய்ந்த மூடியும் பூட்டும் உள்ள தகரப் பெட்டியாக இருக்கட்டும். மூடி இல்லாத பெட்டி ஐப்பசி அடைமழையில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். பெயரையும் இரண்டு கதவிலக்கங்களையும் பெயிண்டால் எழுதுங்கள், ஒட்டும் தாள் ஒரு மழைக்கும் தாங்காது. திண்ணையிலும் சன்னல் கம்பியிலும் செருகப்படும் தபாலை ஆடும் கொண்டுபோகும், குழந்தையும் கொண்டுபோகும், காற்றும் கொண்டுபோகும்.

4. மூன்று ரூபாயில் ஒரு சோதனை

புகார் எழுதுவதற்கு முன் தபால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அஞ்சலட்டை ஆறு வாங்குங்கள். ஆறுக்கும் சேர்த்து மூன்று ரூபாய். எல்லாவற்றிலும் உங்கள் முகவரியையே எழுதி, ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு, போடும் ஊர், தேதி, நேரம் ஆகியவற்றைப் பின்பக்கம் குறியுங்கள். உங்கள் துணை அஞ்சலகப் பெட்டியில் ஒன்று, தஞ்சாவூரில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று, திருச்சியில் ஒன்று, சென்னையில் உறவினர் மூலம் இரண்டு என்று போடுங்கள். தபால் பெட்டியின் மேல் எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று எழுதியிருக்கும், அந்த நேரத்துக்கு முன் போட்டுவிடுங்கள். வந்து சேரும் நாளையும், அட்டையில் விழுந்திருக்கும் முத்திரைத் தேதிகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எனக்கு ஆறில் நான்கு வந்தன. கும்பகோணத்து அட்டை மூன்றாம் நாள் வந்தது. சென்னை அட்டைகளில் கிளை அஞ்சலகப் பெயர் எழுதியது ஐந்தாம் நாள் வந்தது, பழைய பின்கோடு எழுதியது வரவே இல்லை. உள்ளூர் அட்டை ஒன்பது நாள் கழித்து வந்தது. அதன் மேல் துணை அஞ்சலக முத்திரை மறுநாளே விழுந்திருந்ததால், தாமதம் கடைசி நான்கு கிலோமீட்டரில்தான் என்று விளங்கியது. புகாரில் இந்த ஒரு வரியை எழுதியதும் விசாரணை சரியான இடத்தில் தொடங்கியது.

சோதனையைப் பண்டிகை வாரத்திலோ புயல் மழை நாட்களிலோ செய்யாதீர்கள். அப்போது வரும் தாமதத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. தை மாத நடுவில் பொங்கல் விடுமுறை முடிந்தபின் செய்தால் கணக்குச் சுத்தமாக இருக்கும்.

5. வீடு பூட்டியிருக்கும் நாட்களுக்கு ஏற்பாடு செய்யுங்கள்

பதிவு வசதியுடன் வரும் தபாலைப் பெற ஆள் இல்லையென்றால் அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பொதுவாக 7 நாள் அஞ்சலகத்தில் வைத்திருப்பார்கள். அதற்குள் வாங்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அறிவிப்புச் சீட்டு பல நேரம் கதவிடுக்கில் செருகப்பட்டுக் காணாமல் போகிறது என்பதால், வெளியூர் போய்த் திரும்பிய அன்றே கிளை அஞ்சலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இருவரும் வேலைக்குப் போகும் வீடாக இருந்தால், நம்பிக்கையான ஒருவர் பெயரில் அதிகாரக் கடிதம் கொடுங்கள். வெள்ளைத் தாளில், 'எனக்கு வரும் பதிவுத் தபால்களை இன்னாரிடம் கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று எழுதி, இருவர் கையெழுத்தும் இட்டு, இருவரின் அடையாளச் சான்று நகலும் இணைத்து அஞ்சல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் எதுவும் என்னிடம் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு இது செல்லாது. அது விண்ணப்பதாரர் கையில் மட்டுமே, அடையாளச் சான்றைப் பார்த்த பிறகே கொடுக்கப்படும்.

6. வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால் ஒளியாதீர்கள்

ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: கையெழுத்துப் போட்டு வாங்காவிட்டால் அறிவிப்பு செல்லாது என்பது. சரியான முகவரிக்கு, கட்டணம் செலுத்தி, பதிவு செய்து அனுப்பப்பட்ட தபால் சேர்ந்ததாகவே பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. 'வாங்க மறுத்தார்', 'கதவு பூட்டியிருந்தது', 'கேட்டு வாங்கவில்லை' என்ற குறிப்புடன் திரும்பியவற்றையும் நீதிமன்றங்கள் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வது உண்டு. சேரவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். காசோலை திரும்பிய வழக்குகளில் அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து பணம் செலுத்த 15 நாள்தான் அவகாசம். உண்மையிலேயே தபால் வராமல் 'மறுத்தார்' என்று எழுதப்பட்டிருந்தால், அதைத் தெரிந்துகொண்ட நாளிலேயே எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெற்று வையுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

7. தபால் கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள்

புகார் ஒரு பக்கம் நடக்கட்டும். தொலைந்த பொருளால் வரும் தீங்கை முதலில் அடைத்துவிட வேண்டும்.

காசோலைப் புத்தகம் என்றால் அதன் எண் வரிசையை வங்கியில் கேட்டு, பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள். ஏ.டி.எம். அட்டை என்றால் முடக்கிவிட்டுக் கிளையிலேயே நேரில் பெறுமாறு புதியது கேளுங்கள். ஆதாருக்கு இணையத்தில் இறக்கும் மின் ஆதாரே செல்லும், கட்டணம் இல்லை. பான் அட்டை மறு அச்சுக்கு 50 ரூபாய். பான் எண்ணும் பிறந்த தேதியும் கேட்பார்கள்.

ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவுச் சான்றும் 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஸ்பீட் போஸ்ட் மூலமே வீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. வீட்டில் ஆள் இல்லாமலோ முகவரி பிழையாலோ திரும்பினால் அவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே போய்விடும். எனவே அஞ்சலகத்தில் தேடுவதோடு அங்கேயும் கேளுங்கள். பாஸ்போர்ட் திரும்பினால் திருச்சி மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போகும். அசல் ஆவணம் உண்மையிலேயே தொலைந்துவிட்டது என்று உறுதியானால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிந்து அச்செடுத்துக்கொள்ளுங்கள்; நகல் கேட்கும் இடத்தில் அதைக் கேட்பார்கள்.

8. புகார்: எழுத்தில், எண்ணோடு, வரிசையாக

முதல் படி துணை அஞ்சலக அதிகாரி. வாயால் சொன்னது கணக்கில் வராது, எழுதிக் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். புகாருடன் இணைக்க வேண்டியவை: அனுப்பியவரின் ரசீது நகல் அல்லது எண், இணையத்தில் தேடிய விவரத்தின் அச்சு, உங்கள் அடையாளச் சான்று நகல், சோதனை அட்டைகளின் நோட்டுப் பக்கம், தாமதமாக வந்த கடிதங்களின் உறைகள். உறையைக் கிழித்து எறியும் பழக்கத்தை இன்றே விடுங்கள். முத்திரைத் தேதி உறையில்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் கடிதத்தில் இல்லை.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். நான் கடைசியில் எழுதிப் பலன் கண்டது ஏறத்தாழ இப்படி: 'இன்ன கிளை அஞ்சலகத்தைச் சேர்ந்த மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எனக்கு அனுப்பப்பட்ட ஐந்து தபால்கள் சேரவில்லை அல்லது ஏழு நாளுக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தன. பட்டியல் இணைப்பில் உள்ளது. தபால்களைக் கடைகளில் வைக்காமல் வீட்டில் சேர்க்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.' இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். நான் முதலில் எழுதிய நான்கு பக்கப் புகாரில் என் ஆத்திரம் முழுவதும் இருந்தது, தபால் எண் ஒன்றுகூட இல்லை.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் அடுத்தது அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர். டெல்டாவில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை என்று கோட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் எந்த மாவட்டம் என்பதை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் துணை அஞ்சலகம் எந்தக் கோட்டம் என்று கேட்டு எழுதுங்கள். அதற்கு மேல் திருச்சியில் மத்திய மண்டல அஞ்சல்துறைத் தலைவர்.

இதற்கு இணையாக 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ இந்தியா போஸ்ட் இணையதளத்திலோ புகாரைப் பதிந்து எண் பெறலாம். ஸ்பீட் போஸ்ட் எண் உள்ள தபாலுக்கு இந்த வழி விரைவானது. எண் இல்லாத தபாலுக்குக் கடிதமே மேல். பதிலில் மனநிறைவு இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சி.பி.கிராம்ஸில் அஞ்சல் துறையைத் தேர்ந்து பதியுங்கள். 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது நெறி. மூடிவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எச்சரிக்கை: 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்ததும் கருத்துக் கேட்டு அழைப்பு வரக்கூடும். தபால் வராமலே 'சரி, சரி' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

இணையத்தில் 'சேர்க்கப்பட்டது' என்று காட்டி, கையில் வராத தபாலுக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். தபால்காரரின் கைபேசிச் செயலியில் வாங்கியவரின் கையெழுத்துப் பதிவாகியிருக்கும். அதைக் காட்டக் கேளுங்கள். எங்கள் தெருவில் இப்படிக் கேட்டபோது அது எதிர் வீட்டுப் பாட்டியின் கையெழுத்து என்று தெரிந்தது. தபால் அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

9. அதற்கும் அசையவில்லை என்றால்

காலாண்டுக்கு ஒரு முறை அஞ்சல் துறை டாக் அதாலத் என்னும் குறைகேட்புக் கூட்டம் நடத்துகிறது. அறிவிப்பு நாளிதழ்களில் சிறு செய்தியாக வரும். ஏற்கெனவே புகார் கொடுத்து உரிய பதில் கிடைக்காதவற்றையே அங்கே எடுப்பார்கள் என்பதால், முந்தைய புகாரின் முத்திரை நகல் இல்லாமல் போவது வீண்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கோட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். அஞ்சல் ஆணையாகவோ, மத்திய அரசின் இணையதளத்திலோ செலுத்தலாம். பதிலுக்கு 30 நாள். இதில் 'ஏன் தபால் வரவில்லை' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் கொடுப்பது ஏட்டில் உள்ள தகவலை மட்டுமே. இன்ன எண்ணுள்ள தபால் துணை அஞ்சலகத்தில் பெறப்பட்ட தேதி, பட்டுவாடாச் சீட்டின் நகல், எங்கள் ஊர்ச் சுற்றில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும், என் புகாரின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் என்று கேளுங்கள். எனக்கு வந்த பதிலில், எங்கள் ஊர்ச் சுற்றுக்கான பணியிடம் பதினோரு மாதமாகக் காலியாக இருந்ததும், பக்கத்து ஊர்க்காரர் இரண்டு சுற்றையும் சேர்த்துப் பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பதிலின் நகலை இணைத்து மண்டல அலுவலகத்துக்கு ஊரார் பதினெட்டுப் பேர் கையெழுத்துடன் ஒரு மனு அனுப்பினோம். ஆறு வாரத்தில் புதிய ஆள் வந்தார்.

பண இழப்பு பெரிதாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அஞ்சல் துறைக்குச் சட்டத்திலேயே பொறுப்பு விலக்கு இருப்பதால், வழக்கறிஞர் ஒருவரிடம் தாள்களைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இப்போதும் ஆண்டுக்கு ஒரு முறை, தை கடைசியில், ஆறு அட்டை போட்டுப் பார்க்கிறேன். போன முறை ஆறும் வந்தன, கடைசி அட்டை நான்காம் நாள்.